புறப்படுமுன் தொட்டுப் பார்த்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

“கனடா தேசத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள்” என்று நம் காரியதரிசி கேட்டுக்கொண்டார். அங்குள்ள கோயில்களைப் பற்றியோ, தமிழ்ப் பாடசாலைகளைப் பற்றியோ நான் பேசுவேன் என்று அவர் எண்ணியிருக்கக் கூடும். அவற்றைச் சொல்ல என்னிலும் தகுதி வாய்ந்தோர் பலர் இருக்கின்றனர். நான் அங்கே பதினெட்டு மாரிகாலம் செய்த வேலை ஒன்றே. ஆகாய விமானத்தின் செட்டைகளிற் படியும் பனியைக் கழுவித் துடைப்பதே அவ்வேலை. ஆகவே எனக்குத் தெரிந்த அதனைப் பற்றியே பேசுகிறேன். வெயிலிற் காய்ந்து கிடக்கும் நயினாதீவிலே நின்றுகொண்டு பனிக்கட்டியைப் பற்றிப் பேசுவது வேடிக்கையாகத் தோன்றலாம். சற்றுப் பொறுத்திருங்கள், பேச்சு முடியுமுன் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து சேர்ந்துவிடுவேன்.

பறவையின் செட்டை அதனைத் தூக்குவது போலவே விமானத்தின் செட்டையும் அதனைத் தூக்குகிறது. மேற்புறம் வழுவழுப்பாக இருந்தாற்றான் காற்று அதனைத் தழுவி ஓடும். பனி படிந்தால் பாரம் கூடிவிடும், அதனாற்றான் ஆபத்து என்று பலர் நினைக்கின்றனர். நானும் வேலையிற் சேர்ந்தபோது அப்படித்தான் நினைத்தேன். பாரம் அல்ல விஷயம், சொரசொரப்புத்தான் விஷயம். தச்சுவேலைக்காரர் பலகை தேய்க்கும் அரத்தாள் இருக்கிறதே, அந்த அளவு தடிப்பும் சொரசொரப்பும் உள்ள பனி செட்டையின் முன்விளிம்பிலும் மேற்புறத்திலும் படிந்தாற் போதும். தூக்கும் விசை நூற்றுக்கு 30 பங்கு வரை குறையலாம். இழுத்துப் பிடிக்கும் விசை 40 பங்கு வரை கூடலாம். ஓடுபாதையில் வேகமாக ஓடும்போது எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். சில்லு நிலத்தை விட்டு எழுந்த பிறகுதான் செட்டை கைவிடும். அப்பொழுது திரும்பி நிற்க இடம் இராது.

பனி மழை கொட்டினாற்றான் இது வரும் என்பதுமில்லை. நம் ஊர்க் கடையிலே குளிர்ப்பெட்டிக்குள் இருந்து எடுத்த சோடாப் போத்தலை மேசையில் வைத்தால் அது வியர்க்கிறதல்லவா? அதேபோல, மிக உயரத்திற் பறந்து வந்த விமானத்தின் செட்டைக்குள் இருக்கும் எரிபொருள் கடுங்குளிராகிவிடும். கீழே இறங்கிய பின், வெளியிலே உறைநிலைக்கு மேற்பட்ட வெப்பம் இருந்தாலும், ஈரக்காற்றுப் பட்டவுடன் செட்டையில் நீர் உறைந்து கண்ணாடி போலப் படிந்துவிடும். பார்த்தாற் தெரியாது. கையால் தொட்டாற்றான் தெரியும். 1991ஆம் ஆண்டு டிசெம்பர் 27ஆம் திகதி சுவீடன் தேசத்தில் ஸ்ரொக்ஹோமில் இருந்து புறப்பட்ட விமானம் ஒன்றிற்கு இதுவே நேர்ந்தது. பனி கழுவப்பட்டுத்தான் இருந்தது. ஆயினும் கண்ணிற் படாத அந்தத் தெளிந்த பனிக்கட்டி செட்டையில் எஞ்சியிருந்தது. மேலெழும்போது அது உடைந்து பின்னாலிருந்த இயந்திரங்களுக்குட் புகுந்து இரண்டையும் நிறுத்திவிட்டது. விமானம் வயலொன்றில் விழுந்து மூன்று துண்டாகியது. அதில் இருந்த 129 பேரும் உயிர் தப்பியது தெய்வ கடாட்சம் என்றே நான் சொல்வேன்.

கழுவும் முறை இதுதான். கிளைக்கோல் என்னும் திரவத்தை நீருடன் கலந்து, நன்கு சூடாக்கிய பதத்தில், உயர்ந்த தூக்குக்கை பூட்டிய லொறியின் கூடையில் நின்று செட்டையின் மீது பீச்சி அடிப்போம். அது செம்மஞ்சள் நிறம். உள்ள பனியை அது உருக்கிவிடும். பனி தொடர்ந்து பெய்துகொண்டிருந்தால், அதன்மேற் பச்சை நிறமான இன்னொரு திரவத்தைப் பூசுவோம். அது பாணி போலத் தடிப்பானது. புதிய பனி படியாமற் சிறிது நேரம் தாங்கும். விமானம் வேகமெடுக்கும்போது தானாகவே வழிந்து போய்விடும். “சிறிது நேரம்” என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். பெய்யும் பனியின் வகைக்கும் குளிருக்கும் ஏற்ப இத்தனை நிமிஷம் தாங்கும் என்று அட்டவணை உண்டு. அந்நேரத்திற்குள் எழும்பாவிட்டால் செட்டையை மறுபடி பார்க்க வேண்டும். தேவையானால் மறுபடி வந்து கழுவ வேண்டும். பனிக்கட்டி மழை பலமாகப் பெய்தால் அட்டவணையில் நேரமே கொடுக்கப்பட்டிராது. அதன் பொருள், போகாதே என்பதுதான்.

இந்த அட்டவணை ஒருவர் அறைக்குள் இருந்து எழுதியதன்று. மரணங்கள் எழுதிய அட்டவணை அது. 1982ஆம் ஆண்டு ஜனவரி 13ஆம் திகதி வாஷிங்டன் நகரத்தில் போயிங் 737 விமானம் ஒன்று பனி கழுவிய பின் 49 நிமிஷம் தாமதித்து எழும்பியது. அவ்வளவு நேரமும் பனி பெய்துகொண்டே இருந்தது. எழும்பிய சில கணத்திற் பாலம் ஒன்றில் மோதி ஆற்றினுள் வீழ்ந்தது. விமானத்தில் இருந்த 79 பேரில் 74 பேரும், பாலத்தில் வாகனங்களிற் போய்க்கொண்டிருந்த 4 பேரும் மாண்டனர். துணை விமானி, ஓடுபாதையில் ஓடும்போதே கருவிகள் காட்டும் அளவு சரியில்லை என்று ஒன்றுக்கு மேற்பட்ட தடவை சொல்லியிருக்கிறார். தலைமை விமானி நிறுத்தவில்லை. துணைவருக்கும் அதற்குமேல் அழுத்திச் சொல்ல வாய் எழவில்லை.

நான் விரிவாகச் சொல்ல வந்தது கனடாவில் நடந்த வேறொன்று. நமது தீவுப்பகுதிச் சனங்கள் மிகுதியாகக் குடியேறியிருக்கும் ஒன்ராறியோ மாகாணத்திலேயே, அதன் வடமேற்கில், டிறைடன் என்று ஒரு சிற்றூர் உண்டு. 1989ஆம் ஆண்டு மார்ச் 10ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. போக்கர் எஃப்-28 வகை விமானம் ஒன்று தண்டர் பே நகரில் இருந்து டிறைடன் வழியாக வின்னிபெக் போகப் புறப்பட்டது.

அந்த விமானத்தின் வாற்பகுதியில் ஒரு சிறு துணை இயந்திரம் உண்டு. பெரிய இயந்திரங்களை மீண்டும் இயக்கிவிடுவதற்கு அது தேவை. அது சில நாளாகப் பழுது. திருத்தாமலே விமானத்தை ஓட்டினார்கள். அப்படி ஓட்ட விதியில் இடமிருந்தது. டிறைடனிலோ வெளியில் இருந்து இயந்திரத்தை இயக்கிவிடும் கருவி கிடையாது. ஆகவே அங்கே இரண்டு இயந்திரங்களையும் நிறுத்தினால் மறுபடி கிளம்ப வழியில்லை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது பனி கழுவக் கூடாது என்பதோ அந்த விமானத்திற்குரிய கட்டளை. முடிச்சு எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

தண்டர் பேயில் எரிபொருள் நிரப்பிய பின், வேறொரு விமானம் நின்றுபோனதால், அதன் பயணிகள் 10 பேரைக் கொண்டுவந்து ஏற்றினார்கள். பாரம் கூடிவிட்டது. விமானி புதிதாக வந்தவர்களை இறக்கிவிடலாம் என்றார். கம்பனியின் மேலிடமோ ஆட்களை இறக்க வேண்டாம், எரிபொருளை இறக்கு என்றது. அதனால் அரைமணிக்கு மேல் தாமதம். எரிபொருளை இறக்கியதால் டிறைடனில் மீண்டும் நிரப்ப வேண்டியதாயிற்று. ஓர் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, பயணிகளும் உள்ளேயே இருக்க, எண்ணெய் ஊற்றினார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் பனி பெய்யத் தொடங்கியது. செட்டையிற் படிந்தது. அது விடுமுறைக் காலம். வின்னிபெக்கில் அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டிய அவதி பலருக்கு. புறப்படப் போகும் சமயத்தில் சிறு விமானம் ஒன்று பனிமூட்டத்தில் தடுமாறி இறங்க வந்தது. அதற்காகவும் காத்து நின்றார்கள். பனி மேலும் படிந்தது.

நண்பகலுக்குச் சற்றுப் பின் விமானம் ஓடத் தொடங்கியது. நிலத்தை விட்டு எழுந்தும் உயரம் பிடிக்கவில்லை. ஓடுபாதைக்கு அப்பால் இருந்த மரங்களை வெட்டிக்கொண்டு காட்டினுள் வீழ்ந்து தீப்பற்றியது. அதில் இருந்த 69 பேரில் 24 பேர் இறந்தனர். விமானிகள் இருவரும் இறந்தோருள் அடங்குவர்.

இனித்தான் நான் சொல்ல வந்த பகுதி. செட்டையிற் பனி கிடந்ததை ஒருவரும் காணாமல் இல்லை. யன்னலோரம் இருந்த பயணிகள் கண்டார்கள். உயிர் தப்பிய பணிப்பெண் கண்டார். பயணிகளோடு பயணிகளாக, அன்று வேலையில் இல்லாத விமானிகள் இருவர் இருந்தனர், அவர்களும் கண்டார்கள். பனியின் ஆபத்தை அவர்களுக்கு எவரும் படிப்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் ஒருவரும் எழுந்து போய் முன்னாலிருந்தவரிடம் சொல்லவில்லை. பணிப்பெண்ணுக்கு, விமானிகள் இத்தகைய விஷயத்தில் தம் போன்றோரின் பேச்சை விரும்ப மாட்டார்கள் என்ற எண்ணம். மற்ற விமானிகளுக்கு, அவருக்குத் தெரியாததா, இன்னொருவர் பொறுப்பில் நாம் தலையிடுவது மரியாதையா என்ற எண்ணம். மரியாதைதான் அன்றைக்கு வாயைக் கட்டியது.

கனடா அரசாங்கம் நீதிபதி வேர்ஜில் மொஷான்ஸ்கி என்பவரை விசாரணைக்கு நியமித்தது. விமானி பிழை விட்டார் என்று ஒரு வரியில் எழுதி முடித்திருக்கலாம். எழும்புவது என்று தீர்மானித்தவர் அவர்தான், அவரும் இறந்துவிட்டார், மறுத்துப் பேச ஆளில்லை. நீதிபதி அப்படிச் செய்யவில்லை. பழுதோடு ஓடவிட்ட கம்பனி, மேற்பார்வையிற் தவறிய அரசாங்கம், கருவியில்லாத நிலையம், போதாத பயிற்சி என்று ஒவ்வொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு போனார். 1992இல் வெளிவந்த அறிக்கையில் 191 பரிந்துரைகள். அதே 1992 மார்ச் 22ஆம் திகதி நியூயோர்க்கில், அதே வகை விமானம் ஒன்று, கழுவிய பின் 35 நிமிஷம் காத்திருந்து எழும்பி வீழ்ந்து 27 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் அமெரிக்காவிலும் விதிகள் இறுகின. நேர அட்டவணை, கழுவியவரின் அறிவித்தல், சந்தேகமிருந்தாற் திரும்பி வருவது என்பனவெல்லாம் இப்படி இறுக்கிய முடிச்சுகள்தாம். இப்போது பணிப்பெண்கள் பனியைக் கண்டாற் சொல்ல வேண்டும் என்று பயிற்றுகிறார்கள்.

என்னுடைய கதையும் ஒன்று உண்டு. சொல்லக் கொஞ்சம் வெட்கந்தான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் மாரி. விடியப்புறம் நாலு மணி. விமானங்கள் வரிசையில் நின்றன. மேற்பார்வையாளர் காதுக்குள்ளே “கெதியாய், கெதியாய்” என்று கத்திக்கொண்டிருந்தார். கையுறைக்குள் விரல் மரத்துப் போய்விட்டது. ஒரு விமானத்தின் செட்டை உடலோடு சேரும் இடத்தை நான் தொட்டுப் பார்க்கவில்லை. ஈரமாக மினுங்கியது, திரவந்தான் என்று எண்ணிச் “சுத்தம்” என்று சொல்லிவிட்டேன். விமானம் நகர்ந்தது. நகர்ந்த பிறகு மனம் குறுகுறுத்தது. சொன்னால் என் வேலை போகலாம். வந்து இரண்டு வருஷம். ஊரிலே தங்கைக்குக் கலியாணம் பேசியிருந்த நேரம். அரை நிமிஷம் பேசாமல் நின்றேன். அந்த அரை நிமிஷத்தை நான் இன்றும் மறக்கவில்லை. பிறகு வானொலியில் அழைத்து, “அந்த இடத்தை நான் தொடவில்லை” என்று சொன்னேன்.

விமானம் திரும்பி வந்தது. தொட்டுப் பார்த்தோம். உள்ளங்கை அகலத்திற்குக் கண்ணாடிப் பனி இருந்தது. அந்த அளவினால் விமானம் விழுந்திருக்குமா, இல்லையா என்று எனக்குத் தெரியாது, பெரும்பாலும் விழுந்திராது. மேற்பார்வையாளர் வாயில் வந்தபடி ஏசினார். விமானி மட்டும் யன்னலைத் திறந்து, பெருவிரலை உயர்த்திக் காட்டிவிட்டுப் போனார்.

அன்று எனக்குத் துணிவு வந்தது கனடாவிற் படித்த பாடத்தினால் அல்ல. என் அம்மானை நினைத்ததால் வந்தது. அவர் இந்தத் துறையில் வள்ளம் ஓட்டிய தண்டையல். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு மார்கழி மாதம், வாடைக்காற்று ஓங்கி அடித்துக்கொண்டிருந்தது. குறிகட்டுவானில் அம்மனிடம் வந்த அடியார் கூட்டம். வள்ளம் நிறைந்துவிட்டது, இன்னும் பத்துப் பதினைந்து பேர் ஏறி நின்றார்கள். அம்மான் இயந்திரத்தை இயக்கவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டு கோடியிற் குந்தியிருந்தார்.

“அண்ணை, வெளிக்கிடுங்கோ! இந்தக் காத்துக்கு என்ன? அம்மாளிட்டைப் போற சனம். அம்மாள் பாத்துக்கொள்ளுவா.”

“அம்மாள் பாப்பா. நானும் பாக்கவேணும் எல்லே” என்றார் அம்மான்.

சனம் இறங்கியது. ஏசிக்கொண்டுதான் இறங்கியது. பயந்தாங்கொள்ளி என்றார்கள், கூலி கூட்டிக் கேட்கிறான் என்றும் ஒருவர் சொன்னார். பின்னேரம் காற்றுத் தணிந்து கடல் குளம் போலக் கிடந்தது. இதற்கா இந்த நாடகம் என்று சிரித்தார்கள். புறப்படாமல் விட்டவனுக்குச் சாட்சி கிடையாது, அன்பர்களே. வீழ்ந்த விமானத்திற்கு விசாரணை உண்டு, அறிக்கை உண்டு. புறப்படாத வள்ளத்திற்குப் பரிகாசம் மாத்திரமே உண்டு. அம்மான் அதற்கு மறுமொழி சொன்னதை நான் கேட்டதில்லை.

இன்றைக்கு நம் கடலில் இயந்திரப் படகுகள் ஓடுகின்றன. நெடுந்தீவார் ஒரு மணித்தியாலம் கடலில் இருக்கிறார்கள்; நாம் இருபது நிமிஷம். இருபது நிமிஷந்தானே என்ற எண்ணமே நமது பனி. உயிர்காப்பு அங்கியைக் கொடுத்தால் அதனைப் போட்டுக்கொள்ளாமல் ஆசனத்திற்கு மெத்தையாக இட்டுக் குந்துகிறோம். பயணம் புறப்பட இராகு காலம் பார்க்கிறோம். நல்ல வழக்கம், நான் குறை சொல்லவில்லை. புறப்படுமுன் ஒரு கணம் நின்று பார்க்கும் பழக்கம் நம் சமயத்தார்க்கு இரத்தத்தில் ஊறியது. அந்த ஒரு கணத்திலே படகின் விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையில் எத்தனை சாண் இருக்கிறது என்பதையும் பார்த்துவிட்டால் என்ன குறைந்துவிடும்? கண்டும் பேசாதிருப்போர் நம்மிடையே குறைவோ? படித்தவர்கள் இருப்பார்கள், உத்தியோகத்தர் இருப்பார்கள், பழைய கடலோடிகள் இருப்பார்கள். பாரம் கூடிவிட்டது என்று எல்லோருக்கும் தெரியும். தண்டையலுக்குத் தெரியாததா என்று எல்லோரும் வாய்மூடி இருப்பார்கள். டிறைடனில் அந்த இரண்டு விமானிகள் இருந்தது போல.

தண்டையல் ஒருவரையே குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. ஏற்றாவிட்டால் ஏச்சு, ஓடாவிட்டால் வருமானமில்லை, கோயிலுக்கு நேரமாகிறது என்ற நெருக்கம் வேறு. அவரைத் தனியே விட்டுவிட்டு நாம் அவரிடம் துணிவை எதிர்பார்க்கிறோம்.

ஆகையால் நம் சங்கத்தாரிடம் ஒரு விண்ணப்பம். ஐப்பசியில் மழை பிடித்தாற் தை பிறக்கும் வரை, வெள்ளிக்கிழமைகளிலும் விசேஷ நாட்களிலும், நம் வாலிபர் இருவர் குறிகட்டுவானிலும் இருவர் நம் துறையிலும் நிற்கட்டும். அதிகாரம் ஒன்றும் வேண்டியதில்லை. ஏறுவோரை எண்ணினாற் போதும். படகுக்கு அனுமதித்த தொகை வந்ததும், உரத்த குரலில் அந்தத் தொகையைச் சொன்னாற் போதும். அங்கியைக் கையிற் கொடுத்துக் கட்டிவிடட்டும். கிழவிமாருக்கு அந்த முடிச்சுப் போடத் தெரியாது. தண்டையல் “இன்றைக்கு ஓடாது” என்று சொன்னால், முதலில் இறங்குகிறவர்கள் நம் சங்கத்தாராக இருக்கட்டும். ஏசாமல் இறங்க வேண்டும்.

இருவரில் ஒருவராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். வருகின்ற ஐப்பசி முதல் வெள்ளி, காலை ஏழு மணிக்குக் குறிகட்டுவானில் நிற்பேன். மற்றவர் யாரென்பதைச் செயற்குழு தீர்மானிக்கட்டும்.